பினாங்கில் வெட்டப்பட்ட ஒரு குரல்

பினாங்கை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். திண்டுக்கல்லில், பள்ளியின் ஆசிரியர் அறையில், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு. என் மகள் கயல்விழி பினாங்கில், பத்து காவான் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் சரிந்துகொண்டிருந்த நாளில், அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பிலோமினா அவளுக்கு இரண்டு குரல் பதிவுகள் அனுப்பியிருந்தார். இரண்டையும் எனக்குத் தள்ளிவிட்டு, "தனியா இல்லைப்பா, இவங்க இருக்காங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

முதல் பதிவு இது: "கயலும்மா, நான் அன்னம்மாள்கிட்ட வேண்டிக்கிட்டேன். பிரிட்ஜ் மேல தீர்த்தப் போத்தல் இருக்கு, ஒரு வாய் குடிச்சிரு. அன்னம்மா பாத்துக்குவாங்க." புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் கோயில் தீர்த்தம் அது.

இரண்டாவது, கொஞ்ச நேரத்தில் வந்தது. பின்னணியில் அவர் வேலை செய்யும் இடத்தின் இயந்திரச் சத்தம். "ஏய், அதைக் குடிச்சிட்டு அப்படியே படுத்துக் கிடக்காத. நான் வேலைக்காட்டுல சொல்லிட்டு வரேன். பாஸ்போர்ட்டை எடுத்து வை, ஆஸ்பத்திரிக்குப் போறோம். அன்னம்மா ரத்தம் எடுத்துப் பாக்க மாட்டாங்க லா."

விமானம் ஏறும்வரை, அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு முடியும் இந்த இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்லூரி நாளிலிருந்து பகுத்தறிவுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். கயலை அப்படித்தான் வளர்த்தோம். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே தைரியம் ஒரு பக்தையின் குரலில் இருந்து வந்தது. அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கூச்சம் வந்தது பிறகு, என் ஆட்களைப் பார்த்து.

மனைவியின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததால் நான் மட்டும் போனேன். போய் இறங்குவதற்குள் கயல் வீடு திரும்பியிருந்தாள். விமான நிலையத்துக்கு வந்திருந்தது பிலோமினா. என் வயதுதான் இருக்கும். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சின்னக் கார், கண்ணாடியில் செபமாலை தொங்கியது. என் பெட்டியைப் பின்சீட்டில் தள்ளியபடியே, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்றார். அங்கே காலை உணவுக்கு அதுதான் பெயர்.

வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். நம் பரோட்டாவின் சித்தப்பா மகன். அதே முகம், மெலிந்த உடம்பு. தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன் குழம்பும் கலந்து ஊற்றினார்கள். தேநீரில் டின் பால். ஒரு வாய் குடித்ததும் எனக்குச் சர்க்கரை ஏறுவது காதில் கேட்டது. அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை எடுத்து வந்திருக்கிறேனா, காலில் புண் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அக்கறைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையம் இருக்கும் தீவிலிருந்து அவர் வீடு இருக்கும் கரைக்குப் பாலம் கடலின் மேல் முடிவே இல்லாமல் போனது. பைக்கில் போகிறவர்கள் மேல்சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், காற்றுக்காக. எங்கள் ஊரில் அப்படிப் போட்டால் சிரிப்பார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இருபக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்: இந்தப் பெண்மணி வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்காவிட்டால் இந்தப் பயணத்தை நான் வேறு எதற்காகவோ செய்துகொண்டிருப்பேன்.

கயல் கதவருகே நின்றிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், முன்கையில் சிவப்புப் புள்ளிகள் மறையத் தொடங்கியிருந்தன. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அன்று முழுக்க ஏதாவது சாக்கில் வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அப்பா, நான் தோசைக்கல்லா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கயலின் அறையிலிருந்து பிலோமினாவின் குரல் கேட்டது. வேலைக்குப் போனவர் எப்போது திரும்பினார் என்று எட்டிப் பார்த்தேன். கயல் மட்டும் மடிக்கணினி முன்னால் இருந்தாள். குரல் அதிலிருந்து வந்தது. "ஒரு வாய் குடிச்சிரு. அன்னம்மா பாத்துக்குவாங்க." நிறுத்தினாள், ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள்.

கயல் இணையத்தில் மதத்துக்கு எதிராகப் பேசுகிறவள். கணிசமான பேர் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். சொந்தக்காரர்களிடம் நானே இணைப்பை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். அதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது பதிவு எங்கே என்று கேட்டேன்.

"அது எதுக்குப்பா? இதுதான் பாயிண்ட். காய்ச்சல்காரிக்குத் தீர்த்தம்."

"அவங்கதானே உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க?"

"அவங்களைப் பத்தி இல்லைப்பா. அந்த மனநிலையைப் பத்தி."

எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தினேன். அவள் போனை என் கையில் கொடுத்தாள். பழைய வீடியோக்களுக்கு வந்த பின்னூட்டங்கள். டெங்கு வந்ததைக் கேள்விப்பட்டு, சாமி கொடுத்த தண்டனை என்று எழுதியிருந்தார்கள். பிழைத்ததற்கு வருத்தப்பட்டிருந்தார் ஒருவர், பெயருக்குப் பக்கத்தில் வேல் படத்தோடு. என் மகளைப் பற்றி, ஒரு தகப்பன் படிக்கக்கூடாத வார்த்தைகளில். ஊட்டியதை வாந்தி எடுக்கிற பிள்ளையை வெளிநாட்டில் தனியாக விட்டுவிட்டு நான் தூங்காமல் இருந்த இரவுகளில் இவர்கள் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பதிவைப் பற்றி நான் பேசவில்லை. இவர்களுக்கு எதைச் சொன்னாலும் தகும் என்று தோன்றியது. ஆனால் அதை எழுதியவர்களில் பிலோமினா இல்லை. அந்தச் சின்ன விஷயத்தை நான் அன்று வசதியாக மறந்தேன்.

ஞாயிறன்று பிலோமினாவும் கிளம்பினார். கோயிலில் காலைப் பூசை முடிந்து, அதே பட்டுச் சேலையோடு. எங்களுக்கு முன்னால் காரில் உட்கார்ந்துவிட்டார். அது எந்த மாதிரிக் கூட்டம் என்று தெரியுமா என நான் மெல்ல விசாரித்தேன். "சாமி இல்லைன்னு பேசுறவங்க, தெரியும் லா. நம்ம பிள்ளை மேடை ஏறுது அண்ணே. சாமி கோவிச்சுக்காது" என்றார். கயல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜார்ஜ் டவுனில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டுப் படகில் போனோம். குளிர்சாதனப் படகு. கப்பல்களையும் எதிர்க்கரைக் கட்டடங்களையும் பிலோமினா எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். இறங்கி லிட்டில் இந்தியாவுக்குள் நடந்தோம். பூக்கடை, பாட்டுக் கடை, வடைச் சட்டியின் எண்ணெய் வாசனை. திண்டுக்கல் கடைவீதியைக் கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது. சாப்பிட ஒரு வாழை இலைக் கடைக்குக் கூட்டிப் போய், நான் காசு எடுப்பதற்குள் அவரே கொடுத்துவிட்டார்.

கூட்டம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும் விசிறிகள், ஒரு திரை. பிலோமினா பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து, எப்போது போர்த்த வேண்டும் என்று அமைப்பாளரைக் கேட்டார். அமைப்பாளர் நரைத்த மீசைக்காரர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. எங்கள் மேடையில் பொன்னாடை வழக்கம் இல்லை, பயன்படுகிற துண்டுதான் போர்த்துவோம் என்றார். "ஓ, இங்கயும் சட்டதிட்டம் இருக்கா" என்று பிலோமினா சிரித்துக்கொண்டே பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் மூன்றாவது வரிசையில்.

முதலில் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பேசினார். நான் முப்பது வருடமாகக் கேட்கிற அதே நகைச்சுவை. ஒரு பக்தன் வருவான், மடத்தனமாக ஒரு கேள்வி கேட்பான், பேச்சாளர் ஒரு போடு போடுவார், அவன் வாயடைத்துப் போவான். அந்தப் பக்தன் ஒருநாளும் மேடைக்கு வந்ததில்லை. அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்ததும் இல்லை, ஏனென்றால் அவன் வசனத்தையும் எழுதுகிறவர் பேச்சாளர்தான். இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஊரில் எந்த மதத்தைத் தொடலாம், எதைத் தொட்டால் வம்பு என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. துணிச்சல் எல்லாம் திருப்பி அடிக்காத பக்கமாகவே போனது.

கயல் நன்றாகப் பேசினாள். அதைச் சொல்லாவிட்டால் நானும் பாதிதான் சொன்னவன் ஆவேன். சாதிக்குக் கோயில் எப்படிக் காவல் நிற்கிறது என்று சொன்னாள். சுகமளிப்பதாகச் சொல்லி நோயாளியின் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களைப் பற்றிச் சொன்னபோது அவள் குரலில் உண்மையான கோபம் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிலோமினா ஓங்கிக் கைதட்டினார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

பிறகு, "எனக்கே போன வாரம் ஒரு மருத்துவ ஆலோசனை கிடைத்தது" என்று ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"கயலும்மா" என்ற இடத்தை வெட்டியிருந்தாள். மீதி முழுதாக வந்தது. ஒலிபெருக்கியில், அந்த நீட்டி முழக்குகிற பேச்சோடு. "பிரிட்ஜ் மேல" என்ற இடத்திலேயே சிரிப்பு தொடங்கிவிட்டது. "அன்னம்மா பாத்துக்குவாங்க" என்றதும் மாடி அதிர்ந்தது. கயல் ஒரு நொடி காத்திருந்து, "நல்லவேளை, நான் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தேன்" என்றாள்.

நான் தேர்ந்தெடுத்தேன் என்றாள். பிள்ளைக்கு எழுந்து நிற்கவே தெம்பு இல்லை அன்று.

பிலோமினாவின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வரவில்லை. எழுந்தேன். போனை எடுத்து இரண்டாவது பதிவை ஓட்டினேன். அதை உயரத் தூக்கிப் பிடித்தேன். விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. யாரோ, கேள்வி நேரம் அப்புறம் என்றார்கள். இன்னும் சிலர், வேடிக்கையின் தொடர்ச்சி என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். என் முழங்கையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உக்காருங்க அண்ணே" என்றார் பிலோமினா. "ஒரு தடவை கேட்டது பத்தாதா?"

உட்கார்ந்தேன். அவர் கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கிளம்பவில்லை. கயல் பேசி முடிக்கும்வரை, கேள்விகள் முடியும்வரை, நன்றியுரை முடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிஸ்கட்டும் தேநீரும் வந்தபோது எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நான் அமைப்பாளரைப் பிடித்துக்கொண்டேன். இது நியாயமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, அவங்ககிட்ட காசு இருக்கு, கூட்டம் இருக்கு, மைக் செட்டு இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது கிண்டல் ஒண்ணுதான். அதையும் அளந்து பண்ணச் சொன்னா எப்படி?" என்றார். மோசமான வாதம் இல்லை. பலமுள்ளவனைப் பார்த்துச் சிரிப்பது எளியவனின் உரிமை, நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த மாடியில் மைக் யார் கையில் இருந்தது? அதைத்தான் கேட்டேன். அவர் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

திரும்பும் படகில் பிலோமினா எங்களுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கரையில் இறங்கியதும் நான் வாடகைக் கார் பிடிப்பதாகச் சொன்னேன். "ஏறுங்க லா. கூட்டிட்டு வந்தவதான் கொண்டுபோய் விடணும்" என்று கதவைத் திறந்தார். நான் முன்னால், கயல் பின்னால். ஜுரு என்ற இடத்துக்கு முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்து, மூன்று வரிசையும் அசையாமல் நின்றுவிட்டது. இறங்கி ஓடவும் முடியாது. அந்தச் சின்னக் காருக்குள் மூன்று பேர்.

"கயலு, நான் உனக்கு ரெண்டு வாய்ஸ் போட்டேன்ல?" என்றார் பிலோமினா, சாலையைப் பார்த்தபடி.

"ஆமாக்கா."

"ரெண்டாவதுல என்ன சொன்னேன்?"

"உங்க முகத்தைக் காட்டலைக்கா. பேரும் சொல்லலை."

"நான் கேட்டது அது இல்லையே."

பின்சீட்டிலிருந்து கயல் சொன்னாள். "அதையும் போட்டா பாயிண்ட் நிக்காதுக்கா."

நேர்மையாகச் சொன்னாள். அந்த நேர்மைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தால் விழுந்துவிடும் வாதத்தை எதற்காகத் தூக்கி நிறுத்தினாய் என்று கத்தினேன். எதிராளி உன் பேச்சில் பாதியை வெட்டினால் ஒரு மணி நேரம் வீடியோ போடுகிறவள் நீ என்றேன். பிலோமினா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க கோயில்ல முன்னாடி ஒரு ஃபாதர் இருந்தாரு. வேதத்துல ஒரே ஒரு வரியை எடுத்துக்குவாரு. மேலயும் படிக்க மாட்டாரு, கீழயும் படிக்க மாட்டாரு. அதை வச்சு எங்களை ஞாயித்துக்கிழமை பூரா திட்டுவாரு. நீ அவரை மாதிரியே பேசுற. நல்லா வருவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயலுக்கு அழுகை. ஆனாலும் விடவில்லை, என் மகள். "அக்கா, தீர்த்தத்தை நம்பி, ஜெபத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம செத்தவங்க இருக்காங்க. அது பொய்யா?"

"பொய் இல்லை. என் வீட்டுக்காரரு அப்படித்தான் செத்தாரு."

முன்னால் நின்ற பேருந்தின் சிவப்பு விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கணவர் சர்க்கரைக்காரர். காலில் சின்னப் புண். யாரோ ஒருவர் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக, எண்ணெய் தடவி மருந்தை நிறுத்தச் சொல்ல, பிலோமினா சொல்லியும் அவர் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது கால் முழுக்கக் கறுத்திருந்தது. "நீ மேடையில அவங்களைத் திட்டினப்ப நான் எப்படிக் கைதட்டினேன், பாத்தியா? அன்னையிலேருந்து யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நான் ரெண்டு வாய்ஸ் போடுவேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவங்களுக்கு."

வண்டிகள் நகரத் தொடங்கின.

கயல் திருத்த நினைத்த அத்தனையையும் அந்தப் பெண்மணி கணவரைப் பறிகொடுத்துக் கற்றிருந்தார். அவருடைய மூடத்தனத்துக்குச் சான்று காட்ட அவர் பேச்சில் பாதியை வெட்ட வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் இன்றும் நம்புகிறேன். அதனால்தான் எனக்குக் கோபம் ஆறவில்லை. பொய்யை வைத்துப் பிழைக்கிறவன் வெட்டி ஒட்டட்டும், அவனுக்கு வேறு வழியில்லை. உண்மை கையில் இருப்பவனுக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

மறுநாள் காலை பிலோமினா வழக்கம்போல நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி மேசையில் வைத்திருந்தார், கயலுக்கும் சேர்த்து. ஆனால் அவளிடம் பேசவில்லை. நான் மறுநாள் கிளம்ப வேண்டும். பிளேட்லெட் இன்னும் முழுதாக ஏறாத பிள்ளையை, அவள் கேலி செய்த பெண்ணின் வீட்டிலேயே விட்டுப்போக வேண்டும். இந்த ஊரில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

கயல் சமையலறை வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பதிவையும் சேர்த்து ஒரு வீடியோ போடுகிறேன், நான் வெட்டியதைச் சொல்கிறேன் என்றாள். பிலோமினா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "என் குரலை எடு. எல்லாத்துலயும். உன் சண்டைக்கும் வேணாம், உன் மன்னிப்புக்கும் வேணாம்" என்றார்.

"அப்ப நான் என்னக்கா செய்யணும்?"

"எங்களைப் பத்திப் பேசணும்னா ஒரு பூசைக்கு வந்து உக்காரு. முழுசா. பாதியில எழுந்து வராத. அப்புறம் என்ன வேணும்னாலும் கிண்டல் பண்ணு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கயலின் முகம் மாறியது. "நம்பாத இடத்துல நான் எதுக்குக்கா உக்காரணும்?"

பிலோமினா குழாயை மூடினார். "நான் உன் கூட்டத்துல உக்காரலை?"

அடுத்த நாள் அவர்தான் என்னை விமான நிலையத்தில் கொண்டுவிட்டார். கயல் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டாள். பெட்டியை இறக்கும்போதுதான் கேட்டேன், அவள் இங்கேயே இருக்கலாமா என்று.

"வீட்டை விட்டுப் போன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே" என்றார். "ஒரு பூசைக்கு வந்து உக்காருன்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலையில காடி கிளம்பும்" என்று தன் சின்னக் காரைத் தட்டினார்.

அந்த ஞாயிறு திண்டுக்கல்லில் விடிந்ததும் கயலைப் போனில் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவள் எடுக்காவிட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த முறை போனை மேசையில் வைத்துவிட்டு, பூசை முடியட்டும் என்று காத்திருந்தேன்.